ஸ்லே தி ஸ்பயர்: முதல் ஆக்டைத் தாண்டுவது எப்படி

மெகா கிரிட் 2019-ல் முழுமையாக வெளியிட்ட ஸ்லே தி ஸ்பயர், சீட்டாட்டமும் வீடியோ கேமும் கலந்த ஆட்டம். புதிதாக ஆடுபவர்கள் முதல் ஆக்டிலேயே, அதாவது ஆட்டத்தின் முதல் கட்டத்திலேயே, சாவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பின்னால் உதவும் என்று கார்டு சேர்ப்பார்கள், இப்போது அடிக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

தொடக்கத்தில் ஆட அயர்ன்கிளாட் என்ற வீரர் மட்டும்தான் கிடைக்கும். 80 ஹெல்த், டெக்கில் (கார்டுக் கட்டில்) 5 ஸ்ட்ரைக், 4 டிஃபெண்ட், 1 பாஷ். உங்கள் ஒவ்வொரு முறையிலும் (டர்ன்) 5 கார்டு கைக்கு வரும், செலவழிக்க 3 எனர்ஜி. ஸ்ட்ரைக் 6 டேமேஜ். பாஷ் 2 எனர்ஜி கேட்கும், 8 டேமேஜ் கொடுத்து எதிரியை 2 முறைக்கு வல்னரபிள் ஆக்கும். அதுவரை உங்கள் அடி 50% கூடுதலாக விழும். இதனால் வரிசை முக்கியம். ஸ்ட்ரைக்கை முதலில் போட்டால் 14, பாஷை முதலில் போட்டால் 17.

எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறது என்பது அதன் தலைக்கு மேலேயே தெரியும். அது அடிக்காத சமயத்தில் டிஃபெண்ட் போடுவது வீண். அது தரும் பிளாக், அதாவது தடுப்பு, உங்கள் அடுத்த முறை தொடங்கும்போதே காணாமல் போய்விடும்.

ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் மூன்று கார்டு காட்டி ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். முதல் சில சண்டைகளில் நல்ல அட்டாக் கார்டாகப் பார்த்து எடுங்கள். எல்லா எதிரியையும் சேர்த்து 8 அடிக்கும் கிளீவ் வந்தால் யோசிக்கவே வேண்டாம். அதன்பின் கை கட்டுப்பாடு தேவை. 10 கார்டு டெக்கில் எந்தக் கார்டும் இரண்டு முறைக்குள் கைக்கு வந்துவிடும். 30 ஆனால் ஆறு முறை காத்திருக்க நேரலாம். எதுவும் எடுக்காமல் நகர்வதும் ஒரு தேர்வு. கடையில் 75 கோல்டுக்கு ஒரு ஸ்ட்ரைக்கை நீக்கலாம். விலை ஒவ்வொரு தடவையும் 25 ஏறும்.

எலைட்டை (வலுவான எதிரியை) கண்டு ஒதுங்குவது பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் அதை வீழ்த்தினால் கிடைக்கும் ரெலிக் (ஆட்டம் முழுதும் உதவும் பொருள்) இல்லாமல் ஆக்டின் கடைசி எதிரியான பாஸ் முன்னால் போய் நிற்பதுதான் உண்மையான ஆபத்து. ஒன்றிரண்டு எலைட்டாவது வரும் பாதையை மேப்பில் தேடுங்கள். அதற்கு முன்னால் ஒரு கேம்ப்ஃபயர் இருந்தால் இன்னும் நல்லது. அங்கே ஓய்வெடுத்தால் மொத்த ஹெல்த்தில் 30%, அதாவது 24 ஏறும். பாதிக்கு மேல் ஹெல்த் இருந்தால் ஓய்வை விட்டுவிட்டு ஒரு கார்டை அப்கிரேட் செய்யுங்கள். முதலில் பாஷ்: 10 டேமேஜ், 3 முறை வல்னரபிள்.

எலைட்டுகளில் கிரெம்லின் நாப்தான் புதியவர்களின் எமன். முதல் முறை அது கத்த மட்டும் செய்யும். அதற்குப் பிறகு நீங்கள் போடும் ஒவ்வொரு ஸ்கில் கார்டுக்கும் அதன் பலம் 2 கூடும். டிஃபெண்டும் ஸ்கில்தான்! பயந்து பயந்து தடுப்பவர்கள்தான் இங்கே சீக்கிரம் சாவார்கள். முதல் முறையிலேயே பாஷ், அப்புறம் அட்டாக் மட்டும். இன்னொரு எலைட்டான லாகவூலின் தூங்கிக்கொண்டிருக்கும், அதன் தூக்கம் கலையும்வரை சண்டை முடியும்வரை பலன் தரும் பவர் கார்டுகளை இறக்கிக்கொள்ளுங்கள். மூன்று சென்ட்ரிகளிடம் கிளீவ் தன் அருமையைக் காட்டும்.

ஆக்டின் பாஸ் யாரென்று மேப்பின் உச்சியிலேயே படம் இருக்கும், ஆரம்பத்திலேயே பார்த்துவிடுங்கள். ஸ்லைம் பாஸுக்கு 140 ஹெல்த். பாதிக்கு இறங்கியதும் இரண்டாகப் பிளக்கும், மிச்சமிருக்கும் ஹெல்த் இரண்டுக்கும் அப்படியே போகும். அதனால் 70-க்குச் சற்று மேலே நிறுத்தி, இருப்பதிலேயே பெரிய அடியை அப்போது போடுங்கள். இன்னொரு பாஸான கார்டியன் தற்காப்பு நிலைக்குப் போனபின் ஒவ்வொரு அட்டாக் கார்டுக்கும் உங்களுக்கு 3 டேமேஜ் திரும்பி வரும். சின்னச் சின்ன அட்டாக்குகளை அப்போது தவிர்க்கவும். மற்றொரு பாஸான ஹெக்ஸாகோஸ்டின் முதல் அடி உங்கள் அப்போதைய ஹெல்த் கூடக்கூடப் பலமாக விழும், எனவே அதற்கு முந்தைய கேம்ப்ஃபயரில் ஓய்வைவிட அப்கிரேட் பெரும்பாலும் லாபம்.

போஷன்களைச் சேமித்து வைக்காதீர்கள். இடம் மூன்றுக்குத்தான், நிரம்பியிருந்தால் அடுத்தது கிடைத்தும் எடுக்க முடியாது. எலைட்டிடமும் பாஸிடமும் தயங்காமல் குடியுங்கள். சாதாரண ஆட்டத்தில் பாஸை வீழ்த்தி இரண்டாம் ஆக்டுக்குள் நுழையும்போது ஹெல்த் முழுதாக நிரம்பிவிடும், ஆகவே அந்தச் சண்டையை 1 ஹெல்த்தில் முடித்தாலும் நஷ்டமில்லை.