வாராக்கடன்: இஸ்லாமிய வங்கியையும் வழக்கமான வங்கியையும் ஒப்பிடுகையில் சறுக்கும் இடங்கள்

வட்டி, வேலையின்மை போன்றவை மாறும்போது இரு வகை வங்கியிலும் வாராக்கடன் விகிதம் எப்படி மாறுகிறது என்று தரவை வைத்து ஒப்பிடுவோர் சறுக்கும் இடங்கள் சில. இஸ்லாமிய வங்கி வட்டி வாங்குவதில்லை, அதனால் வட்டி ஏறினாலும் அங்கே கடன் கெடாது என்பார்கள். ஒப்பந்தத்தைப் படிக்காமல் சொல்வது இது. முராபஹா என்பது வங்கி ஒரு பொருளை வாங்கி, இலாபம் சேர்த்துத் தவணையில் விற்கும் ஒப்பந்தம். நிலையான இலாபத்தில் போட்ட முராபஹாவில் விற்பனை விலை முதல் நாளே முடிவாகிவிடும், தவணை அசையாது. அதுவரை சரி. மலேசியாவிலோ மாறும் விகித வீட்டுக் கடனும் உண்டு. விற்பனை விலையை ஓர் உச்ச இலாப விகிதத்தில் எழுதி, நடப்பு விகிதத்துக்கு மேற்பட்டதை ‘இப்ரா’ என்று தள்ளுபடி செய்வார்கள். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா தன் வட்டி விகிதத்தை உயர்த்தினால் தள்ளுபடி சுருங்கும், தவணை ஏறும். உச்சத்தைத் தொடும்வரை கடனாளிக்கு இதுவும் வழக்கமான வங்கியின் மாறும் வட்டிக் கடனும் ஒரே சுமைதான். நிலையான விகிதக் கடனையும் மாறும் விகிதக் கடனையும் பிரிக்காமல் ஒரே கூடையில் போட்டால் கிடைக்கும் விடைக்குப் பொருளே இல்லை.

சிங்கப்பூர்த் தரவில் ‘மத்திய வங்கி வட்டி’ என்று ஒரு நெடுவரிசையைத் தேடுவது வீண். அங்கே மத்திய வங்கியான நாணய ஆணையம் 1981 முதல் நாணய மாற்று விகிதத்தைக் கொண்டே கொள்கை நடத்துகிறது. அதற்குப் பதிலாக, வங்கிகளுக்கிடையிலான ஓரிரவுக் கடனின் சராசரி வட்டியான சோரா விகிதத்தை எடுங்கள். (வீடமைப்பு வளர்ச்சிக் கழகமான வீவகவின் 2.6% கடன் இதில் சேராது, அது வங்கிக் கடனே அல்ல.) தனி இஸ்லாமிய வங்கியாக டிபிஎஸ் 2007இல் தொடங்கிய இஸ்லாமிக் பேங்க் ஆஃப் ஏஷியாவைப் படிப்படியாக மூடுவதாக 2015இல் அறிவித்தார்கள். ஆகவே பலர் மலேசிய இஸ்லாமிய வங்கிகளை இங்குள்ள வழக்கமான வங்கிகளோடு பொருத்துகிறார்கள். அப்போது தெரிவது இரு நாட்டுப் பொருளியலின் வேறுபாடு, வங்கி வகையின் வேறுபாடு அல்ல. இரு வகையையும் ஒரே நாட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

வேலை போன மாதமே கடன் கெட்டுவிடாது. முதலில் சேமிப்பு கரையும், பிறகு தவணை தவறும், அதன்பின் 90 நாள் கடந்தால்தான் வாராக்கடன் பட்டியல். வேலையின்மையை அதே காலாண்டு வாராக்கடனோடு பொருத்தினால் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும். ஒன்று முதல் நான்கு காலாண்டு கழித்து வரும் வாராக்கடனோடு பொருத்திப் பாருங்கள். 2020ஐத் தனியாகக் குறித்துவையுங்கள்: மலேசியாவில் ஏப்ரலிலிருந்து ஆறு மாதம் தவணை தானாகவே ஒத்திவைக்கப்பட்டதால், உற்பத்தி சரிந்தபோதும் வாராக்கடன் விகிதம் பெரிதாக அசையவில்லை.

விகிதத்தின் கீழெண்ணான மொத்தக் கடனும் ஏமாற்றும். 100 மில்லியன் வெள்ளிக் கடனில் 2 மில்லியன் கெட்டிருந்தால் 2%. மறு ஆண்டு கடன் 125 மில்லியனாகி, கெட்டது 2.25 மில்லியனானால் 1.8%. கெட்ட தொகை கூடியும் விகிதம் இறங்கிவிட்டது. வேகமாக வளரும் இஸ்லாமிய வங்கியில் இது சகஜம், புதுக் கடன் கெட ஓரிரு ஆண்டு பிடிக்கும். கடன் வளர்ச்சியையும் இனி வராது என்று கணக்கிலிருந்து நீக்கிய தொகையையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.