ஃபாக்ஸ்ப்ரோவில் ரன் கட்டளை ஓடவில்லையா? இப்படித் தேடிப் பாருங்கள்

ஃபாக்ஸ்ப்ரோ என்பது டேட்டாபேஸ் வேலைக்கான ஒரு பழைய ப்ரோகிராமிங் மொழி. அதில் எழுதிய பழைய ப்ரோகிராம்களில் ரன் என்றோ, வெறும் ஆச்சரியக்குறி போட்டோ ஒரு வரி இருக்கும். ஃபைலை காப்பி செய்ய, ஜிப் போட, பிரிண்டருக்கு அனுப்ப என்று விண்டோஸிடம் வேலையை ஒப்படைக்கும் வரி அது. வேலை நடக்கவில்லை என்றால் ஒரு கறுப்பு விண்டோ மின்னி மறையும். பெரும்பாலும் ஃபாக்ஸ்ப்ரோ ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும்.

ஆனால் என்ன தவறு என்பதை விண்டோஸ் அந்தக் கறுப்பு விண்டோவில் எழுதிவிட்டுத்தான் போகிறது. அதைப் படிக்காமல் கோடில் கைவைக்காதீர்கள். கீழே இருப்பது விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9-க்கான வழி.

படி 1: விண்டோஸுக்கு உண்மையில் என்ன போகிறது என்று பாருங்கள்

முழுக் கட்டளையையும் ஒரு வேரியபிளில் வையுங்கள். அதன் பெயர் 'வேலை' என்று வைத்துக்கொள்வோம். ரன் வரிக்கு முன்னால் _க்ளிப்டெக்ஸ்ட் = வேலை என்று ஒரு வரி சேர்த்தால் அது க்ளிப்போர்டுக்கு வந்துவிடும். அப்புறம் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து பேஸ்ட் செய்து, என்டர் தட்டுவதற்கு முன் நிதானமாகப் படியுங்கள்.

பாதிப் பிரச்சினைகள் இங்கேயே தெரிந்துவிடும். கேரக்டர் ஃபீல்டின் அகலம் 20 என்றால், அதில் 'பில்07' என்று மட்டும் இருந்தாலும் மீதி இடம் முழுக்க வெற்றிடமாகவே வரும். அதன் பின்னால் '.டிஎக்ஸ்டி' என்று ஒட்டினால் பெயர் இப்படி ஆகிவிடும்: 'பில்07               .டிஎக்ஸ்டி'. அப்படி ஒரு ஃபைல் எங்கேயும் இருக்காது. ஃபீல்டை, முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை நீக்கும் ஆல்ட்ரிம்() போட்டு எடுங்கள். ஃபோல்டர் பெயரின் நடுவில் இடைவெளி இருந்தால் முழுப் பாதையையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள்.

கையால் ஓட்டினால் சரியாக ஓடுகிறதா? அப்படியானால் ரன் வரியைப் பாருங்கள். 'ரன் வேலை' என்று எழுதினால் விண்டோஸ் 'வேலை' என்ற பெயரிலேயே ஒரு ப்ரோகிராமைத் தேடும். வேரியபிளுக்குள் இருப்பது ஓட வேண்டுமென்றால் 'ரன் &வேலை' என்று எழுத வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான்.

படி 2: செய்தியைப் பிடியுங்கள்

ஸ்ட்ர்டுஃபைல்() மூலம் கட்டளையை ஒரு பேட்ச் ஃபைலில் (விண்டோஸ் வரிவரியாக ஓட்டும் .bat ஃபைல்) எழுதுங்கள். கடைசி வரியில் 'பாஸ்' சேர்த்து, அந்த பேட்ச் ஃபைலை ரன் செய்யுங்கள். நீங்கள் ஒரு கீயைத் தட்டும்வரை கறுப்பு விண்டோ மூடாது. வேறு ஒருவரின் கம்ப்யூட்டரில்தான் பிரச்சினை என்றால், 'பாஸ்' வேண்டாம். கட்டளையின் முடிவில் > குறியும், எழுத அனுமதி உள்ள ஒரு லாக் ஃபைலின் பாதையும், அதன் பின் 2>&1 என்பதும் சேருங்கள். 2>&1 முக்கியம், அது இல்லாவிட்டால் எர்ரர் செய்திகள் லாக்கில் விழாது.

படி 3: செய்திக்கு ஏற்ற மருந்து

ஃபைலை வேறொரு ப்ராசஸ் பயன்படுத்துகிறது என்று வந்தால், முதலில் உங்கள் ப்ரோகிராமையே சந்தேகியுங்கள். டேபிளைத் திறந்து வைத்துக்கொண்டே அதன் டிபிஎஃப் ஃபைலை (டேபிளின் டேட்டா இருக்கும் ஃபைல்) காப்பி செய்யப் பார்த்திருப்பீர்கள். 'யூஸ்' என்று மட்டும் கொடுத்து மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

நெட்வொர்க் டிரைவ் இல்லை என்கிறதா? அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டும் ப்ரோகிராமுக்கு, சாதாரண லாகினில் மேப் செய்த டிரைவ் எழுத்து பொதுவாகத் தெரியாது. சர்வர் பெயரோடு தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள்.

டாஸ் காலத்து ஜிப் ப்ரோகிராமை அழைக்கும் கோட் என்றால் தேடுவதில் பயனில்லை. 64-பிட் விண்டோஸ் 16-பிட் ப்ரோகிராம்களை ஓட்டாது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

ரன்னோடு /என் சேர்த்து எழுதும் 'ரன் /என்' விஷயம் தனி. அது சிஎம்டி (கமாண்ட் ப்ராம்ப்ட் ப்ரோகிராம்) வழியாகப் போகாமல் நேரடியாக ஒரு எக்ஸி ஃபைலைத் தேடும். காப்பி, டிர் போன்றவை சிஎம்டிக்கு உள்ளேயே இருப்பவை, தனி எக்ஸி கிடையாது. அதனால் அவற்றுக்கு முன்னால் 'சிஎம்டி /சி' சேர்க்க வேண்டும். தவிர /என் போட்டால் ஃபாக்ஸ்ப்ரோ காத்திருக்காது. காப்பி முடியும் முன்பே அடுத்த வரி ஓடி, பாதி ஃபைலைப் படித்துவிடும். ஃபைல்() கொண்டு சோதித்தாலும் இது பிடிபடாது, ஏனென்றால் பாதி எழுதிய ஃபைலும் இருக்கிற ஃபைல்தான்.

காத்திருக்கவும் வேண்டும், முடிவும் தெரிய வேண்டும் என்றால் க்ரியேட்ஆப்ஜெக்ட்() மூலம் விண்டோஸோடு வரும் டபிள்யூஸ்கிரிப்ட்.ஷெல்லை உருவாக்கி அதன் ரன் மெத்தடைப் பயன்படுத்துங்கள். இரண்டாவது பாராமீட்டர் 0 என்றால் விண்டோ தெரியாது, மூன்றாவது .டி. (உண்மை) என்ற மதிப்பு என்றால் வேலை முடியும்வரை நின்று, எக்ஸிட் கோடை, அதாவது வேலை எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்ணைத் திருப்பித் தரும். வழக்கமாக 0 வந்தால் சரி. வேறு எண் வந்தால் அதை பயனருக்குக் காட்டி, ப்ரோகிராமை அங்கேயே நிறுத்துங்கள்.