சமூக ஒப்பந்தக் கோட்பாடுகளை ஒப்பிட்டு எழுதும் முறை

அரசின் அதிகாரம் மக்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலிருந்து பிறக்கிறது என்பதே சமூக ஒப்பந்தக் கோட்பாடு. அதை முன்வைத்த தத்துவ அறிஞர்களான ஹாப்ஸ், லாக், ரூசோ ஆகிய மூவரையும் ஒப்பிடச் சொன்னால், பெரும்பாலோர் முதலில் போடுவது ஓர் அட்டவணை. ஹாப்ஸுக்கு மனிதன் கெட்டவன், ஆகவே முடியாட்சி. லாக்குக்கு மனிதன் பகுத்தறிவுள்ளவன், ஆகவே வரம்புக்குட்பட்ட அரசு. ரூசோவுக்கு மனிதன் நல்லவன், ஆகவே மக்களாட்சி. தேர்வுக்கு முந்தைய இரவில் மனப்பாடம் செய்ய இது வசதிதான். ஆனால் மூன்று வரிகளிலும் வரும் ‘ஆகவே’ எதையும் விளக்குவதில்லை. மனித இயல்பைப் பற்றிய ஒரு கூற்றிலிருந்து அரசின் வடிவம் எப்படிப் பிறக்கிறது என்று காட்டுவதே ஒப்பீட்டின் வேலை என்பதால், அந்த ‘ஆகவே’யைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூல நூல்களை முழுவதும் படிக்க நேரமில்லாதவர், ஹாப்ஸின் ‘லெவியதான்’ நூலில் 13 முதல் 17 வரையிலான இயல்களையும் 21ஆம் இயலையும், லாக்கின் ‘அரசு பற்றிய இரண்டாம் ஆய்வுரை’யில் 2, 3, 5, 9, 19 ஆகிய இயல்களையும் படித்தால் அடிப்படை கிடைத்துவிடும். ரூசோவிடம்தான் பலரும் சறுக்குகிறார்கள். அவர் மனித இயல்பைப் பற்றி விரிவாகப் பேசுவது 1755இல் வெளிவந்த ஏற்றத்தாழ்வு பற்றிய ஆய்வுரையில். ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவது 1762இல் வெளிவந்த ‘சமூக ஒப்பந்தம்’ நூலில். இரண்டாவதை மட்டும் படித்தவருக்கு, அந்த ஒப்பந்தம் எந்த நோய்க்கு மருந்து என்பது தெரியாமலே போய்விடும்.

காலப் பின்னணியை அளவோடு சேர்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டு, 1649இல் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்ட காலத்தில் ஹாப்ஸ் பாரிஸில் இருந்தார். 1651இல் ‘லெவியதான்’ வெளிவந்தது. லாக்கின் நூல், இங்கிலாந்தில் மன்னர் இரண்டாம் ஜேம்ஸை ஆட்சியிலிருந்து அகற்றிய 1688 புரட்சிக்கு அடுத்த ஆண்டில், ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்தது என்பதால், அந்தப் புரட்சியை நியாயப்படுத்தவே அது எழுதப்பட்டது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அதன் பெரும்பகுதி புரட்சிக்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டது என்பதே இன்றைய ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. எப்படியானாலும், கேள்வி ஏன் எழுந்தது என்பதைத்தான் பின்னணி சொல்லும். விடை சரியா என்பதை அது சொல்லாது.

அடுத்து, அரசு இல்லாத நிலையைக் குறிக்க மூவரும் ஆளும் ‘இயற்கை நிலை’ என்ற சொல் எந்த வகைக் கூற்று என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உலகம் முழுவதும் ஒரு காலத்தில் அப்படி இருந்ததாகத் தாம் நம்பவில்லை என்று ஹாப்ஸே எழுதுகிறார். உண்மை நிகழ்ச்சிகளை ஒதுக்கி வைத்துவிட்டுத் தொடங்குவோம் என்கிறார் ரூசோ. தமக்கு மேல் பொதுவான நீதிபதி இல்லாத நாட்டுத் தலைவர்கள் இன்றும் ஒருவரோடொருவர் இயற்கை நிலையில்தான் இருக்கிறார்கள் என்கிறார் லாக். ஆகையால், ‘அப்படி ஒரு காலம் இருந்ததற்குச் சான்று இல்லை’ என்ற மறுப்பு மூவரில் எவரையும் நேராகத் தாக்குவதில்லை.

இனி மனித இயல்பு. இங்கே ஒவ்வொருவரிடமும் ‘மனிதன் நல்லவனா, கெட்டவனா’ என்று கேட்பதை விட்டு, ‘அரசு இல்லாதபோது எது பழுதாகிறது’ என்று கேட்க வேண்டும். ஹாப்ஸ் கொடுமையிலிருந்து தொடங்குவதில்லை, சமத்துவத்திலிருந்து தொடங்குகிறார். எவ்வளவு வலியவனையும், சூழ்ச்சியாலோ பிறரோடு கூட்டுச் சேர்ந்தோ, மிக மெலியவன்கூடக் கொன்றுவிட முடியும். சண்டைக்குப் போட்டி, அவநம்பிக்கை, புகழாசை என்று மூன்று காரணங்களை அவர் தருகிறார். இவற்றில் கூர்ந்து பார்க்க வேண்டியது நடுவில் உள்ளது. தன்னிடம் இருப்பதே போதும் என்று நினைப்பவனும், மற்றவன் அப்படி நினைக்கிறானா என்று அறிய வழியில்லாததால், முந்திக்கொண்டு தாக்க வேண்டியவனாகிறான். எல்லோரும் கெட்டவர்களாக இருக்கத் தேவையில்லை. யார் கெட்டவன் என்று தெரியாமல் இருந்தாலே போதும்.

இதை நம்பாதவரிடம் ஹாப்ஸ் ஒரு கதவைக் காட்டுகிறார். சட்டமும் காவலர்களும் இருக்கும்போதே பயணம் செல்பவன் ஆயுதம் எடுத்துக்கொள்கிறான். தூங்கப் போகும்போது கதவைத் தாழிடுகிறான். வீட்டுக்குள்ளேயே பெட்டிகளைப் பூட்டுகிறான். அப்படியானால் சக குடிமக்களையும், தன் பிள்ளைகளையும், பணியாட்களையும் பற்றி அவன் என்ன நினைக்கிறான்? நான் சொல்லால் சுமத்தும் குற்றத்தை அவன் செயலால் சுமத்தவில்லையா என்று கேட்டுவிட்டு, உடனே, நாங்கள் இருவருமே மனித இயல்பைக் குற்றம் சாட்டவில்லை, மனிதனின் ஆசைகள் தம்மளவில் பாவம் அல்ல என்று சேர்க்கிறார். அட்டவணையின் முதல் வரியைக் கவிழ்க்க இந்த ஓர் இடமே போதும்.

லாக்கின் இயற்கை நிலையில் பகுத்தறிவே சட்டம். பிறரின் உயிருக்கும் உடைமைக்கும் தீங்கு செய்யலாகாது என்று அது கற்பிக்கிறது. பழுது வேறிடத்தில் இருக்கிறது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருப்பவன் ஓரவஞ்சனை செய்யாமல் இருக்க மாட்டான். எல்லோரும் அறிந்து ஏற்ற சட்டம், நடுநிலையான நீதிபதி, தீர்ப்பை நிறைவேற்றும் வலிமை ஆகிய மூன்றும் அங்கே இல்லை என்று 9ஆம் இயலில் அவர் எண்ணிச் சொல்கிறார். அவர் வேண்டும் அரசு ஏறத்தாழ இந்த மூன்று குறைகளின் அளவுக்கே வெட்டித் தைத்த சட்டை.

ரூசோவோ, ஹாப்ஸ் சமூகத்தில் வளர்ந்த மனிதனைப் பார்த்துவிட்டு அவனையே காட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார் என்கிறார். இயற்கை மனிதனுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் உணர்வும் இரக்கமும் உண்டு. மற்றவரோடு ஒப்பிட்டுத் தன்னை மதிப்பிடும் தற்பெருமை, கூடி வாழத் தொடங்கிய பிறகு வருவது. அவனை ‘நல்லவன்’ என்று எழுதுவதும் அவ்வளவு சரியில்லை. அறவழிப்பட்ட உறவுகளே இல்லாததால் அவன் நல்லவனும் அல்ல, கெட்டவனும் அல்ல என்பதே அவர் வாதம். ஒரு துண்டு நிலத்துக்கு வேலியிட்டு ‘இது என்னுடையது’ என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் அதை நம்பியபோது பழுது தொடங்குகிறது. லாக் அரசு காக்க வேண்டும் என்று வைக்கும் உடைமையே, ரூசோவின் கதையில் நோயின் தொடக்கமாக நிற்கிறது என்பதை ஒப்பீட்டில் தவறாமல் காட்ட வேண்டும்.

இவ்வளவும் தெளிவான பிறகே ஒப்பந்தத்துக்கு வர வேண்டும். யார், எதை, யாரிடம் ஒப்படைக்கிறார்கள், எப்போது அதைத் திரும்பப் பெறலாம் என்ற கேள்விகளை மூவரிடமும் ஒரே வரிசையில் கேளுங்கள். ஹாப்ஸின் ஒப்பந்தம் மக்கள் தங்களுக்குள் செய்துகொள்வது. இறையாண்மை, அதாவது நாட்டின் உச்ச அதிகாரம், பெறும் மனிதரோ மன்றமோ அதில் ஒரு தரப்பு அல்ல என்பதால், ஒப்பந்தத்தை மீறியதாக அவர்மீது குற்றம் சாட்ட முடியாது. லாக்கிடம் மக்கள் ஒப்படைப்பது, தாமே தீர்ப்புச் சொல்லித் தாமே தண்டிக்கும் உரிமையை. அதுவும் நம்பிக்கையின் பேரில் தந்தது என்பதால், நம்பிக்கை முறிந்தால் அதிகாரம் மக்களிடமே திரும்பும். ரூசோவிடம் ஒவ்வொருவரும் தம்மை முழுவதுமாக, ஆனால் தாமும் அங்கமாக உள்ள சமூகம் முழுமைக்கும் ஒப்படைக்கிறார்கள். ஒப்படைப்பின் அளவில் ஹாப்ஸும் ரூசோவும் ஒரு பக்கம், லாக் மறுபக்கம் நிற்பதை அட்டவணை காட்டாது.

அடுத்து ஒரே வழக்கை மூவர் முன்னும் வைத்துப் பாருங்கள். பிரதிநிதிகளின் இசைவின்றி ஆட்சியாளர் வரி விதிக்கிறார் என்று கொள்வோம். உடைமை என்பதே இறையாண்மை நிலைத்த பின் வருவது, ஆகவே குடிமகன் அதைக் காட்டி மறுக்க முடியாது என்பார் ஹாப்ஸ். உடைமை அரசுக்கு முந்தியது, பெரும்பான்மையின் இசைவைப் பிரதிநிதிகள் வழியாகவேனும் பெறாமல் அதில் கைவைக்கக் கூடாது என்பார் லாக். ரூசோ கேள்வியையே மாற்றிவிடுவார். அவரைப் பொறுத்தவரை பொது விருப்பத்தை, அதாவது பொது நன்மையை நாடும் சமூகம் முழுமையின் விருப்பத்தை, எவரும் பிறர் சார்பாக வெளியிட முடியாது. ஆங்கிலேயர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டுமே சுதந்திரமானவர்கள் என்று அவர் எழுதியதன் பொருள் இதுவே. எழுதும்போதும் ஆளுக்கொரு பகுதி ஒதுக்காமல், கேள்விக்கொரு பகுதி ஒதுக்கி மூவரையும் அதற்குள் பேசவிடுங்கள். இல்லையென்றால் ஒப்பீட்டுக்குப் பதில் மூன்று தனிச் சுருக்கங்களே மிஞ்சும்.

இசைவு பற்றிய மறுப்பையும் விட்டுவிடக் கூடாது. ஒரு நாட்டின் நெடுஞ்சாலையில் நடந்து செல்வதுகூட மறைமுக இசைவுதான் என்றார் லாக். தூக்கத்தில் கப்பலில் ஏற்றப்பட்டு, இறங்கினால் கடலில் மூழ்க வேண்டிய நிலையில் இருப்பவன் கப்பல் தலைவனின் ஆட்சிக்கு இசைந்தான் என்று சொல்வீர்களா என்று 1748இல் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் கேட்டார்.

கட்டுரை முடிந்ததும், ஒவ்வொருவரிடத்திலும் உங்கள் முடிவுக்கு எதிராக நிற்கும் ஒரு பத்தியைத் தேடி எடுங்கள். பொது நன்மைக்காக ஆட்சியாளர் சில வேளைகளில் சட்டத்துக்கு எதிராகவும் செயல்படலாம் என்று லாக் இடம் தருகிறார். பொது விருப்பத்துக்குப் பணிய மறுப்பவன் சுதந்திரமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தப்படுவான் என்கிறார் ரூசோ. ஹாப்ஸின் 21ஆம் இயல், இறையாண்மை காப்பாற்றும் வலிமையோடு இருக்கும்வரைதான் குடிமகனின் கடமை நீடிக்கும் என்கிறது. முற்றதிகாரத்தின் வழக்கறிஞர் என்று நாம் பெயர் சூட்டிய அதே ஹாப்ஸின் நூலை, முடியாட்சி ஆதரவாளரான பேராயர் பிராம்ஹால் கலகக்காரர்களின் வினாவிடைப் புத்தகம் என்று சாடியிருக்கிறார்.