பசுமைத் திட்டங்கள் குறித்து அரசாங்கத்துக்குக் கருத்துரை எழுதுவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன்பு, சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிற்குப் பின்னால் இருந்த மரக்கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நான்கு பக்கக் கடிதம் ஒன்றை எழுதி, அதற்குப் பொறுப்பானது என்று நானாகவே முடிவுசெய்துகொண்ட ஓர் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தேன். இயற்கையைத் தாயாக உருவகித்திருந்தேன்; உருகும் பனிப்பாறைகளும் வருங்காலத் தலைமுறையும் அதில் தவறாமல் இடம்பெற்றிருந்தன. மூன்று வாரம் கழித்து வந்த பதிலில் இரண்டே பத்திகள்தான் இருந்தன: கருத்துக்கு நன்றி, அந்த நிலம் எதற்கு என்பது முன்பே திட்டமிடப்பட்டுவிட்டது. முதலில் கோபம் வந்தது. கோபம் ஆறியபின் யோசித்தபோது, தவறு பெரும்பாலும் என்னுடையது என்பது விளங்கியது. கேட்கப்படாத கேள்விக்கு, அதைக் கேட்க வேண்டிய இடமல்லாத ஓரிடத்தில், காலம் கடந்தபின் விடை எழுதியிருந்தேன்.

அதன்பின் எனக்காகவும் அண்டை வீட்டாருக்காகவும் எழுதிய கருத்துரைகளின் வழியே கற்றுக்கொண்ட நடைமுறையை இங்கே விளக்குகிறேன். நிலம், குப்பை, போக்குவரத்து, எரிசக்தி என நீடித்த வளர்ச்சி தொடர்பான எந்தக் கொள்கைக்கும் இது பொருந்தும்.

முதலில், எந்தக் கேள்வி இன்னும் திறந்திருக்கிறது என்று பாருங்கள்

ஒரு கொள்கை ஒரே நாளில் முடிவாவதில்லை. அதன் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு காலத்தில் உறுதியாகிறது. பானக் கலன்களைத் திருப்பித் தரும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2022இல் தேசிய சுற்றுப்புற வாரியம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது, பானம் வாங்கும்போது கட்டி, காலிக் கலனைத் திருப்பித் தரும்போது திரும்பப் பெறும் வைப்புத்தொகை 10 காசு முதல் 20 காசு வரை இருக்கலாம் என்பதே முன்மொழிவாக இருந்தது. பின்னர் அது 10 காசு என்று முடிவாகி, திட்டம் தொடங்கும் நாளாக 2026 ஏப்ரல் 1 குறிக்கப்பட்டது. இப்போது ஒருவர் உட்கார்ந்து, தொகையை 20 காசாக்குங்கள் என்று எவ்வளவு அழகாக எழுதினாலும் அது கோப்பில் போய்ச் சேருமே தவிர, வேறொன்றும் நிகழாது. மாறாக, கலன்களைப் போடும் இயந்திரம் சக்கர நாற்காலியில் வருபவரின் கைக்கு எட்டவில்லை என்றோ, பேரங்காடி இல்லாத எங்கள் பகுதியில் முதியவர்கள் வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்றோ எழுதினால், அந்தக் கேள்வி இன்னும் முடியாத கேள்வி.

கரிம வரியும் இப்படித்தான். ஆண்டுக்கு 25,000 டன் அல்லது அதற்குமேல் கரிமத்தை வெளியிடும் ஆலைகளுக்கு 2019இல் டன்னுக்கு 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று தொடங்கிய வரி, 2024இல் 25 வெள்ளியானது. 2026, 2027ஆம் ஆண்டுகளுக்கு 45 வெள்ளி என்று அறிவிக்கப்பட்டது. 2030க்குள் 50 முதல் 80 வெள்ளிவரை உயரலாம் என்கிறது அரசாங்கம். வரி வேண்டுமா வேண்டாமா என்று வாதிடும் காலம் போய்விட்டது. 50க்கும் 80க்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியில்தான் பேச இடமிருக்கிறது.

நிலத்துக்கு வந்தால் காலக்கணக்கு இன்னும் நீளம். நிலப் பயன்பாட்டைத் திட்டமிடும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் நீண்டகாலத் திட்டம் 50 ஆண்டுகளுக்கும் அப்பால் பார்க்கிறது. எந்த மனை எதற்கு என்று வகுக்கும் பெருந்திட்டம் அடுத்த 10 முதல் 15 ஆண்டுகளுக்கானது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அது மறுஆய்வு செய்யப்படுகிறது. 2025 ஜூன் மாதம் மேக்ஸ்வெல் சாலையிலுள்ள ஆணையக் கட்டடத்தில் வரைவுப் பெருந்திட்டம் காட்சிக்கு வைக்கப்பட்டபோது பலர் அதை ஒரு தொடக்கமாக நினைத்தார்கள். உண்மையில் அதற்கான நீண்டகாலத் திட்டமிடல் கலந்துரையாடல்கள் 2021லேயே தொடங்கிவிட்டன. கருத்துரைக்கு எடை அதிகம் கிடைப்பது அந்தத் தொடக்கக் கட்டத்தில்தான், ஆனால் அப்போது எவரும் எட்டிப்பார்ப்பதில்லை. இயந்திரங்கள் வந்து நின்றபிறகுதான் கையெழுத்து வேட்டை தொடங்குகிறது.

வரைபடத்தைப் பச்சை நிறத்தை வைத்து நம்பாதீர்கள்

பெருந்திட்ட வரைபடம் இணையத்தில் அனைவருக்கும் கிடைக்கிறது. உங்கள் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் போதும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அதிலுள்ள நிறங்கள் இன்று அந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை, அந்த நிலம் எதற்காக ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டுகின்றன. உங்கள் சன்னலுக்கு வெளியே அடர்ந்த காடு இருக்கலாம். வரைபடத்தில் அது குடியிருப்பு நிலமாக இருக்கலாம், அல்லது பயன்பாடு இன்னும் முடிவாகாத ஒதுக்கீட்டு நிலமாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் எழுத வேண்டிய கடிதங்கள் முற்றிலும் வேறு. மனையின் மேல் 2.8 போன்ற ஓர் எண் இருந்தால், கட்டப்படக்கூடிய மொத்தத் தளப்பரப்பு நிலப்பரப்பைப்போல் 2.8 மடங்கு என்று பொருள்.

டோவர் காடு என்று மக்கள் அழைத்த, ஏறத்தாழ 33 ஹெக்டர் பரப்புள்ள உலு பாண்டான் நிலம் வரைபடத்தில் நெடுங்காலமாகவே குடியிருப்பு நிலம்தான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2020 இறுதியில் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. கருத்துகள் குவிந்தன, காலக்கெடு நீட்டிக்கப்பட்டது. 2021 ஜூலையில் வந்த முடிவின்படி கிழக்குப் பாதியில் வீடுகள் கட்டப்படும்; மேற்குப் பாதி ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குத் தொடப்படாது, அதன்பின் மறுஆய்வு. காட்டை முழுதும் காக்க நினைத்தவர்களுக்கு இது மனநிறைவைத் தரவில்லை என்பதை அறிவேன். ஆயினும் குடியிருப்பு என்று நிறமிடப்பட்ட ஒரு நிலத்தில் கருத்துரைகளுக்குப்பின் இவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வேண்டாம் என்று மட்டும் சொல்லாமல், உயிர்வகை மிகுந்த பகுதி எது, வீடுகளை வேறெங்கே கட்டலாம் என்று எழுதியவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

யாருக்கு எழுதுவது

சிங்கப்பூர்ப் பசுமைத் திட்டம் 2030ஐக் கல்வி, தேசிய வளர்ச்சி, நீடித்த நிலைத்தன்மை சுற்றுப்புறம், வர்த்தகத் தொழில், போக்குவரத்து ஆகிய ஐந்து அமைச்சுகள் சேர்ந்து 2021 பிப்ரவரியில் அறிவித்தன. ஆகவே பசுமைத் திட்டத்துக்கு என்று முகவரியிட்டு எழுதும் கடிதம் எவருடைய மேசைக்கும் உரியதாக இராது. சாலையோர மரம் என்றால் தேசியப் பூங்காக் கழகம், கால்வாய் என்றால் பொதுப் பயனீட்டுக் கழகம், புளோக்கின் கீழ்த்தளம் என்றால் நகர மன்றம், நிலப் பயன்பாடு என்றால் நகர மறுசீரமைப்பு ஆணையம். எல்லைக்கோடு எங்கே என்று தெரியாமல் திணறுவது நம் குறை மட்டுமல்ல: 2014 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், நடைபாதையோரம் கிடந்த மீன் உருண்டைக் குச்சியை எந்த அமைப்பு அகற்ற வேண்டும் என்ற குழப்பத்தைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். அதே ஆண்டு நகராட்சிச் சேவைகள் அலுவலகம் அமைக்கப்பட்டது. அன்றாடக் குறைகளை அதன் ஒன்சர்வீஸ் செயலியில் சொல்லிவிடுங்கள்; கொள்கைக் கருத்துரையில் அவற்றைக் கலக்காதீர்கள். மசோதா வரைவுகளும் பொதுக் கருத்துக்கேட்புகளும் அரசாங்கத்தின் ரீச் இணையத்தளத்தில் வெளியிடப்படுகின்றன. 1985இல் கருத்தறியும் பிரிவாகத் தொடங்கிய அமைப்பு அது.

எதை எழுதுவது

உணர்ச்சி குறைந்தால் பயன் கூடும். 2001இல் புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடற்கரை, கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்புக்கு இலக்காகவிருந்தபோது, ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் வற்றுக்கடல் நேரத்தில் இறங்கி, அங்கிருந்த உயிரினங்களைப் பதிவுசெய்து அறிக்கையாகக் கொடுத்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் நிலமீட்பு ஒத்திவைக்கப்பட்டது. அவர்கள் அரசாங்கத்துக்கு அளித்தது, அரசாங்கத்திடம் முன்பு இல்லாத தகவல்.

உங்களிடமும் அப்படி ஏதேனும் இருக்கும். எங்கள் மூன்றாம் மாடியில் வசிக்கும் அக்கா ஒருவர், காலையில் தேநீர் போடும்போது சமையலறைச் சன்னல் வழியே இருவாச்சிப் பறவைகளைக் காண்பவர். கண்ட நாளில், சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில், இராகுகாலம் அச்சிடப்பட்ட வரிக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு சிறு வட்டம் போட்டு நேரத்தையும் எழுதிவைப்பார். கால்வாயோர நிலத்துக்கான சுற்றுச்சூழல் அறிக்கை கருத்துக்கு வந்தபோது அவர் சொல்லச் சொல்ல நான் முதலில் எழுதிய வரி இது: "எங்கள் வட்டாரத்தில் அரிய பறவைகள் பல உள்ளன, அவற்றின் வாழ்விடத்தை அழிக்க வேண்டாம்."

நாள்காட்டித் தாள்களை மேசையில் பரப்பி எண்ணிப் பார்த்தபின் அதே வரி இப்படி மாறியது: "கடந்த ஆறு வாரங்களில் 19 நாள்கள், காலை 6.50க்கும் 7.20க்கும் இடையே, கால்வாயின் வளைவில் உள்ள அல்பீசியா மரத்தில் இருவாச்சி இணை ஒன்றைக் கண்டோம். அறிக்கையின் உயிரினப் பட்டியலில் இப்பறவை உள்ளது. ஆனால் இம்மரம் அகற்றப்படும் பகுதிக்குள் காட்டப்பட்டுள்ளது. பணியிட எல்லையை அந்த இடத்தில் மட்டும் உள்ளே நகர்த்த இயலுமா? இயலாவிட்டால், மரத்தில் கூடு உள்ளதா என்று வெட்டுவதற்கு முன்பு சோதிப்பது கண்காணிப்புத் திட்டத்தில் சேர்க்கப்படுமா?"

இரண்டாவது வடிவத்தில் பாராட்டத்தக்க மொழிநடை ஏதுமில்லை. ஆனால் அதைப் படிக்கும் அதிகாரி, வரைபடத்தை எடுத்து அந்த வளைவைத் தேட வேண்டியிருக்கும். ஆம் அல்லது இல்லை என்று விடைசொல்ல வேண்டியிருக்கும். முதல் கோரிக்கை மறுக்கப்பட்டாலும் இரண்டாவது ஒன்று காத்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். எப்போதும் அப்படி இரண்டு படிகளாகக் கேளுங்கள். இத்தகைய அறிக்கைகள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும். எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. உங்கள் இடத்தைக் காட்டும் வரைபடம், உயிரினப் பட்டியல், பாதிப்பைத் தணிக்கும் நடவடிக்கைகள், கட்டுமானக் காலக் கண்காணிப்புத் திட்டம் ஆகிய நான்கையும் ஊன்றிப் படித்தால் போதும்.

மறுபக்கத்தின் தேவையையும் உங்கள் கடிதம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர் நிலத்தில் வீடு, படைமுகாம், விமான நிலையம், நீர்த்தேக்கம் எல்லாம் அடங்க வேண்டும். மரங்களுக்காக எங்களோடு கையெழுத்திட்டவர்களில் பாதிப் பேர், பெற்றோர் வீட்டுக்கு அருகிலேயே தங்கள் பிள்ளைகளுக்கு, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முன்பதிவின்பேரில் கட்டித்தரும் பிடிஓ வீடு கிடைக்கவில்லை என்று குறைப்படுகிறவர்கள். நானும் அவர்களில் ஒருவன்.

நாடாளுமன்ற உறுப்பினர் வழியே

நாடாளுமன்ற உறுப்பினர் வாரந்தோறும் தம் தொகுதிவாசிகளைக் காணும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியை நம்மவர்கள் வீட்டுக்கடன், வேலை அனுமதி போன்றவற்றுக்கே பயன்படுத்துகிறோம். கொள்கை பற்றியும் அங்கே பேசலாம், ஆனால் பருவம் பார்த்துப் போக வேண்டும். வழக்கமாக பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டமும், அதைத் தொடர்ந்து ஒவ்வொரு அமைச்சின் செலவினம் குறித்த விவாதமும் நடைபெறும். உறுப்பினர்கள் தங்கள் பேச்சுக்குக் கருப்பொருள் தேடுவது அதற்கு முந்தைய வாரங்களில். டிசம்பரிலோ சனவரியிலோ ஒரே ஒரு பக்கத்தை உங்கள் உறுப்பினர் கையில் கொடுங்கள். நாடாளுமன்றத்தில் தமிழிலும் பேசலாம் என்பதால், தமிழ் பேசும் உறுப்பினரிடம் தமிழிலேயே ஒரு கேள்வியை எழுதிக் கொடுப்பதில் தவறில்லை. அமைப்புகளுக்கு அனுப்பும் கருத்துரையை மட்டும், வீட்டிலுள்ள இளையவர் ஒருவரைக்கொண்டு ஆங்கிலத்திலும் எழுதி இணைத்துவிடுவது காரியத்துக்கு நல்லது.

அனுப்பியபின்

அனுப்பிய நாள், இணைப்புகள், வந்த பதில் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே நிலம் மீண்டும் பேச்சுக்கு வரும்போது பொறுப்பதிகாரி மாறியிருப்பார். பழைய பதிலின் நகல் உங்களிடம்தான் இருக்கும். பதில் மழுப்பலாக இருந்தால், விடுபட்ட கேள்வியை மட்டும் எடுத்து மறுபடி அனுப்புங்கள். முழுக்கடிதத்தையும் திரும்ப அனுப்ப வேண்டாம்.

அக்காவின் கருத்துரைக்கு இருபத்து மூன்றாம் நாள் பதில் வந்தது. எல்லை நகருமா என்பதற்கு அதில் விடை இல்லை. மரத்தை நேரில் பார்க்க ஆய்வாளர் ஒருவரை அனுப்பலாமா, எந்த நாள் வசதிப்படும் என்று கேட்டிருந்தார்கள். கைப்பேசியில் அதைப் படித்துக் காட்டினேன். அடுப்பிலிருந்த பாலை இறக்கிவைத்துவிட்டு அக்கா கேட்டார்: "ஏழு மணிக்கு முன்னாடி வருவாங்களா தம்பி? அப்புறம் வந்தா அதுங்க பறந்து போயிடும்."