காரைக்குடியில் உட்கார்ந்து அமெரிக்கத் தேர்தல் வரைபடம் படிக்கும் முறை

அமெரிக்காவின் அடுத்த அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. நமக்கு வேலை மறுநாள் புதன் காலையில்தான். நவம்பரில் அவர்களுடைய கிழக்குக் கரை நேரம் நமக்குப் பத்தரை மணி பின்னால். ஜார்ஜியாவில் இரவு 7க்கு ஓட்டுப்பதிவு முடியும்போது இங்கே காலை 5.30. வட கரோலினா 6 மணி, பென்சில்வேனியா 6.30, விஸ்கான்சினும் அரிசோனாவும் 7.30, கலிபோர்னியா 9.30. ராத்திரி கண்விழிக்கத் தேவையே இல்லை.

பார்க்க வேண்டிய எண் 270. அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்கள் மாநிலவாரியாக வரும் தேர்வாளர்கள், மொத்தம் 538 பேர்; அதில் பாதிக்கு மேல் என்றால் 270. கீழவை இடங்களுக்கு ஈடாக 435, செனட் இடங்களுக்கு ஈடாக 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 3. மெயின், நெப்ராஸ்கா தவிர மற்ற 48 மாநிலங்களில் ஒரு ஓட்டு முந்தினாலும் அத்தனை தேர்வாளர்களும் அவருக்கே. நகரத்தார் கோயில் கணக்கில் தலையை எண்ணாமல் புள்ளியை, அதாவது கல்யாணமான குடும்பத்தை, எண்ணுவதுபோல, இங்கும் தலைக்கணக்கு வேறு, செல்லுபடியாகும் கணக்கு வேறு. 2016இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கும் மேல் கூடுதல் ஓட்டு வாங்கியும் தோற்றது அதனால்தான்.

எல்லாரும் தடுக்கி விழுவது வண்ணத்தில்: சிவப்பு குடியரசுக் கட்சி, நீலம் ஜனநாயகக் கட்சி. பரந்து கிடக்கும் மொன்டானாவுக்கு 4 தேர்வாளர்கள். சின்னஞ்சிறு நியூ ஜெர்சிக்கு 14. திரையில் சிவப்பு நிறைய இருப்பதாகத் தோன்றுவதில் பாதி வெறும் நிலம். இன்னொன்று: 2020இல் டிரம்ப் டெக்சாஸில் வாங்கியதைவிட கலிபோர்னியாவில் வாங்கிய ஓட்டு அதிகம், 60 லட்சத்துக்கும் மேல். ஆனாலும் வரைபடத்தில் அந்த மாநிலம் முழுக்க நீலம். ஆகவே மாநில வரைபடத்தை மூடிவிட்டு, கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) வாரியான வரைபடத்தைத் திறந்து, யார் ஜெயித்தார் என்பதோடு எத்தனை ஓட்டில் என்பதையும் பாருங்கள். பெருநகரங்கள் நீலம், அதைத் தாண்டிய கிராமப்புறம் சிவப்பு என்ற கோலம் பெரும்பாலான மாநிலங்களில் தெரியும். உண்மையான பிளவு மாநில எல்லையைவிட நகர எல்லையில்தான் அதிகம்.

அடுத்த சிக்கல், எண்ணும் வரிசை. பென்சில்வேனியாவில் தபால் ஓட்டுகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்னால் பிரிக்கவே கூடாது. 2020இல் குடியரசுக் கட்சிக்காரர்கள் நேரில் அதிகம் போட்டார்கள், ஜனநாயகக் கட்சிக்காரர்கள் தபாலில். அதனால் முதலில் சிவப்பு ஏறி, பிறகு நீலம் பிடித்தது. நவம்பர் 3இல் நடந்த தேர்தலுக்கு 7ஆம் தேதிதான் ஊடகங்கள் வெற்றியாளரைச் சொல்லின. "ராத்திரியோடு ராத்திரியா மாத்திட்டாங்க" என்ற வாட்ஸப் செய்தி இந்த இடைவெளியில்தான் முளைக்கும். நம் தேர்தல் ஆணையம்போல நாடு முழுவதற்கும் எண்ணி அறிவிக்கும் ஒரே அமைப்பு அங்கே கிடையாது. அன்றைக்குச் செய்தி நிறுவனங்கள் சொல்வது கணிப்பு, மாநிலங்கள் சான்றளிப்பது பிறகு. எத்தனை சதவீதம் எண்ணியாச்சு, மிச்சம் எந்தக் கவுண்டியில் என்று பார்க்காமல் எதையும் பங்காளி குரூப்பில் தட்டிவிடாதீர்கள்.

இனி அங்கிருக்கும் பிள்ளைகளிடம் பேச்சு. "யாருக்கப்பா ஓட்டுப் போட்டே?" என்று தொடங்கக் கூடாது. எச்-1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவருக்கு அதிபர் தேர்தலில் ஓட்டே கிடையாது, குடியுரிமை பெற்றவருக்குத்தான். அண்ணன் டெக்சாஸ், தங்கை நியூ ஜெர்சி என்றால் ஒரே வளவில் வளர்ந்தவர்கள் இருவேறு சட்டங்களுக்குள் வாழ்கிறார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2022 ஜூன் 24 தீர்ப்புக்குப் பிறகு கருக்கலைப்புச் சட்டம் மாநிலங்கள் கையில்: டெக்சாஸில் ஏறக்குறைய முழுத் தடை, நியூ ஜெர்சியில் அனுமதி. 2021 செப்டம்பர் முதல் டெக்சாஸில் 21 வயதானவர் பெரும்பாலும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். நியூ ஜெர்சியில் உரிமம் கட்டாயம். ஒருத்தர் சொன்னதை வைத்து இன்னொருத்தரை மடக்கினால் சண்டைதான் மிஞ்சும்.

கட்சிப் பெயரை விட்டுவிட்டு, "ஒங்க ஊர்ல சொத்து வரி எவ்வளவு தம்பி? பள்ளிக்கூட போர்டு தேர்தல்ல என்ன தகராறு?" என்று கேளுங்கள். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, அதனால் சொத்து வரி கடிக்கும். இந்த ஒரு கேள்விக்கே அரை மணி நேரம் பேச்சு ஓடும். சம்பந்தி வீட்டார் லைனில் இருந்தால் கருக்கலைப்பையும் துப்பாக்கியையும் எடுக்கவே வேண்டாம்.

முடிவு வரும் புதன் காலையில் கூப்பிடாதீர்கள், அங்கே நடுராத்திரி. அந்த ஞாயிறு நம் நேரம் இரவு 7.30 சரியாக இருக்கும்: நியூ ஜெர்சியில் காலை 9, டெக்சாஸில் பெரும்பாலும் 8.