வயல் சத்தத்தை 5.1-ல் விரிக்க ஒரு வழி

குறும்படத்துக்கு 5.1 சரவுண்ட் ஒலி (முன்னால் இடது, நடு, வலது, பின்னால் இரண்டு என ஐந்து ஸ்பீக்கர், கூடவே அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர்) சேர்க்கிறீர்களா? நாலு மைக் இல்லாவிட்டால் பரவாயில்லை, ஒரு ஸ்டீரியோ ரெக்கார்டர் போதும். ஐப்பசி மழை விட்ட இரவில், திருவையாறு பக்கம் ஒரு சம்பா வயல் வரப்பில் ஸ்டாண்டு போட்டு, ரெக்கார்டரின் தர அமைப்பை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வைத்து 10 நிமிடம் விடாமல் பதிவு செய்யுங்கள். மைக்குக்குக் காற்றுத் தடுப்பு உறை கட்டாயம். பக்கத்தில் பம்புசெட் ஓடினால் தள்ளிப் போய்விடுங்கள். அந்த உறுமலைப் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

எடிட்டிங்கில் முதல் 4 நிமிடத்தை முன் இடது, வலதுக்குக் கொடுங்கள். பின் ஸ்பீக்கர்களுக்கு அதே பதிவின் 6-ஆம் நிமிடத்திலிருந்து வெட்டியதைப் போடுங்கள். ஒரே துண்டை முன்னும் பின்னும் போட்டால் சத்தம் சுற்றிலும் விரியாது. தவளைக் கூட்டம் மொத்தமாகக் கத்துவது பின்னால் கேட்க அருமையாக இருக்கும். ஆனால் மைக்குக்குக் கிட்டே ஒற்றைத் தவளை 'கொர்ர்' என்றால் அதை வெட்டிவிடுங்கள். பார்ப்பவர் திரையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்! பின்பக்க அளவு முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும். அப்புறம், நடு ஸ்பீக்கர் வசனத்துக்கு, அங்கே தவளைக்கு வேலையில்லை. சப்வூஃபருக்கும் இதை அனுப்ப வேண்டாம்.