மென்பொருள் உரிமப் பேச்சு: டிஸ்கவுன்ட்டைப் பிடித்துவிட்டுத் தலைக்கணக்கில் கோட்டை விடாதீர்கள்

பல்கலைக்கழகக் கொள்முதல் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் வெண்டரோடு உட்கார்ந்தால் மல்லுக்கட்டுவது ஒரே இடத்தில்தான்: டிஸ்கவுன்ட். பதினைந்து சதவீதத்தை இருபதாக்க மூன்று கூட்டம் போடுவார்கள். மீதிப் பக்கங்களைக் கையெழுத்துப் போடும் அன்றுதான் புரட்டுவார்கள். ஒப்பந்தத்தைப் படியுங்கள், சட்டப் பிரிவிடம் காட்டுங்கள் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் அந்த மேசைக்கே வந்திருக்க மாட்டார். அதெல்லாம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களைத்தான் சொல்கிறேன்.

யாரை எண்ணுகிறார்கள் என்று பார்க்காமல் விலை பேசுவது

வளாகம் முழுமைக்குமான உரிமத்தில் பில் என்பது தலைக்கு இவ்வளவு, தலை இத்தனை என்ற பெருக்கல்தான். முதல் எண்ணுக்கு எல்லோரும் சண்டை போடுகிறார்கள். இரண்டாவது எண் வரையறைப் பக்கத்தில் சத்தமில்லாமல் கிடக்கிறது.

ஒரு கம்பெனிக்குச் சம்பளப் பட்டியல் என்று ஒன்று உண்டு, அதோடு முடிந்தது. பல்கலைக்கழகத்தில் பகுதிநேர மாணவர், தொலைநிலை மாணவர், வருகைப் பேராசிரியர், திட்ட உதவியாளர், ஓய்வுபெற்றும் மெயில் உயிரோடு இருக்கும் பேராசிரியர், முன்னாள் மாணவர் என்று பட்டியல் நீளும். முழுநேரச் சமமதிப்பில், அதாவது எஃப்டிஇ கணக்கில், அரைநேரக்காரர் இருவர் சேர்ந்து ஒருவர். தலைக்கணக்கில் அவர்களே இரண்டு. பகுதிநேரம் படிக்கிறவர்கள் அதிகமுள்ள இடத்தில் இந்த வித்தியாசம் முன்னால் நீங்கள் வாங்கிய டிஸ்கவுன்ட்டை விழுங்கிவிடும்.

அளவுகோலையே மாற்றிவிடுவதும் உண்டு. ஆரக்கிள் நிறுவனம் 2023 ஜனவரியில் ஜாவா என்ற நிரலாக்க மென்பொருளின் சந்தாவை ஊழியர் எண்ணிக்கைக்கு மாற்றியது. பகுதிநேரம், தற்காலிகம் எல்லாம் அதில் சேரும். உள்வேலைகளுக்கு உதவும் ஒப்பந்ததாரரும் சேருவார். அவர்களில் எத்தனை பேர் ஜாவாவைத் தொடுகிறார்கள் என்ற கேள்வியே கிடையாது.

நான் பார்த்த ஒரு ஒப்பந்தத்தில் பயனர் என்றால் ‘நிறுவனத்தின் உள்நுழைவுக் கணக்கு உள்ள எவரும்’ என்று இருந்தது. படிக்க ஒன்றும் தப்பாகத் தெரியாது. பிறகு, எத்தனை பயனர்கள் என்று சரிபார்க்க வெண்டரிடமிருந்து ஆடிட் கடிதம் வந்தது. கணினி மையத்துப் பையன் யாரையும் கேட்காமல், செயலில் உள்ள கணக்குகளின் எண்ணிக்கையை மெயிலில் அனுப்பிவிட்டான். பழைய மாணவர்களுக்கு ஆயுள் முழுக்க மெயில் தரும் பல்கலைக்கழகம் அது. படிக்கிறவர்களைவிடப் படித்து முடித்தவர்கள்தான் அதிகம். வெண்டர் தரப்பு ஆள் குரலைக்கூட உயர்த்தவில்லை. “வரையறையை ஒருமுறை பாருங்க சார்” என்றார், அவ்வளவுதான். அபராதத்துக்குப் பதிலாக, யாரும் கேட்காத இன்னொரு மாட்யூலை, அதாவது கூடுதல் மென்பொருள் பகுதியை, மூன்று வருடத்துக்கு வாங்கிச் சமரசமானது. அந்த மாட்யூலை யாராவது திறந்தார்களா என்று கேட்காதீர்கள், எனக்கு எரிச்சல் வரும்.

எனவே எண்ணிக்கை எங்கிருந்து வரும் என்பதையே எழுதி வாங்குங்கள்: பதிவாளர் அலுவலகம் இந்தத் தேதியில் வெளியிடும் எண், முன்னாள் மாணவரும் விண்ணப்பதாரரும் விருந்தினரும் நீங்கலாக, ஒப்பந்தக் காலம் முழுக்க மாறாது, மறுகணக்கு புதுப்பிக்கும்போது மட்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. எண்ணிக்கையிலிருந்து நீக்கினால் பயன்படுத்தும் உரிமையும் சேர்ந்து போய்விடக் கூடாது. வருகை ஆய்வாளரை எண்ண வேண்டாம், ஆனால் பயன்படுத்தலாம் என்று தனி வரியே வேண்டும். இல்லாவிட்டால் அவர் லாகின் செய்வதே மீறலாகிவிடும்.

இணைய முகவரியில் தொங்கும் நிபந்தனைகள்

‘இந்த முகவரியில் உள்ள விதிகள், அவ்வப்போது திருத்தப்படும் வடிவில், பொருந்தும்’ என்ற வரியைக் கண்டால் நிறுத்துங்கள். திருத்துகிறவர் அவர், கட்டுப்படுகிறவர் நீங்கள். கையெழுத்து நாளில் உள்ள பிரதியை இணைப்பாகச் சேர்த்து, மோதல் வந்தால் பேசி முடித்த ஒப்பந்தமே மேலானது என்று போடுங்கள். நிறுவும்போது யாரோ ‘சம்மதம்’ பட்டனை அழுத்துவது செல்லாது என்பதும் அதிலேயே வர வேண்டும். காசு கொடுக்காத சேவைக்கும் இதே கவனம் தேவை. கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாமல் சேமிப்பிடம் கொடுத்துவந்த கூகுள், 2021-இல் அதை நிறுவனத்துக்கு 100 டெராபைட் என்ற பொது அளவாகச் சுருக்குவதாக அறிவித்தது. அதற்குள் ஆய்வுத் தரவையெல்லாம் அங்கே கொட்டி வைத்திருந்தவர்கள் இடம் தேடி ஓட வேண்டியதாயிற்று.

தானாகப் புதுப்பிக்கும் விதி

புதுப்பிக்க வேண்டாம் என்று சொல்வதற்கான முன்னறிவிப்புத் தேதியை இன்றே காலண்டரில் போடுங்கள்.

இழப்பீட்டுப் பொறுப்பு

வெண்டருக்கு வரும் இழப்பை நீங்கள் ஈடுகட்ட வேண்டும் என்று ஒரு விதி இருக்கும். அதை ஏற்க அரசுப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டப்படி அதிகாரமே இல்லாமல் இருக்கலாம். முதல் கூட்டத்திலேயே கேட்டுச் சொல்லிவிடுங்கள்.

பேராசிரியரை விலைப் பேச்சுக்கு அழைத்து வருவது

“இது இல்லாம என்னால பாடமே நடத்த முடியாது” என்று வெண்டர் முன்னாலேயே சொல்லிவிடுவார். டெமோ முடிந்ததும் அவரை அனுப்பிவிடுங்கள். செமஸ்டர் தொடங்கும் தேதியையும் நீங்களாக வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.

வெளியேறும் வழியைக் கடைசிக்குத் தள்ளுவது

கற்றல் மேலாண்மை மென்பொருளில் வினா வங்கியும் மதிப்பெண்ணும் வருடக்கணக்காகச் சேரும். ‘தரவு திருப்பித் தரப்படும்’ என்று மட்டும் எழுதினால், ஆயிரக்கணக்கான கேள்விகள் பிடிஎஃப் கோப்புகளாக வந்து இறங்கும். அதை இன்னொரு மென்பொருளில் ஏற்ற முடியாது, திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான். எந்த வடிவத்தில், எத்தனை நாளுக்குள், யார் செலவில் என்று மூன்றையும் எழுதி, ஒப்பந்தம் முடிந்த பிறகும் சில மாதம் படிக்க மட்டுமான அனுமதி கேளுங்கள். கையெழுத்துக்கு முன்னால் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். விலகுவதாகச் சொன்ன பிறகு கேட்டால், அதற்குத் தனியாக ஒரு கொட்டேஷன் வரும்.